ரிக்கி லேக் படமும் டாக்டர்களின் தீர்மானமும்

வீட்டுப் பிரசவம் பற்றிய 'தி பிசினஸ் ஆஃப் பீயிங் பார்ன்' ஆவணப்படம் 2008ல் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. தயாரித்தவர் டிவி பிரபலம் ரிக்கி லேக். 2001ல் அவர் தன் இரண்டாவது மகனை வீட்டுக் குளியல் தொட்டியில் பெற்ற காட்சியும் அதில் உண்டு. அப்போது அங்கே நூற்றில் ஒரு குழந்தைகூட வீட்டில் பிறக்கவில்லை.

ஆனாலும் அமெரிக்க மருத்துவ சங்கம் அதே ஜூனில், பிரசவத்துக்குப் பாதுகாப்பான இடம் ஆஸ்பத்திரிதான் என்ற கொள்கையை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. அதன் வரைவில் லேக்கின் பெயரே இருந்தது! (ஒரு நடிகையைப் பார்த்து இவ்வளவு பதற்றமா?)

படத்தைக் கடைசிவரை பார்த்திருந்தால் அவர்களுக்கே சாதகமான காட்சி கிடைத்திருக்கும். வீட்டில் பெற நினைத்த இயக்குநர் ஆப்பி எப்ஸ்டீனுக்குக் குறைமாதத்திலேயே வலி கண்டது. குழந்தை தலை திரும்பவில்லை. அவசரமாக ஆஸ்பத்திரி, சிசேரியன். அதை அவர் வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார்.