தொழில்நுட்பப் பட்டத்தோடு தொழில்முனைவுக் கல்வி (புதுச்சேரி)

பொறியியல் மாணவர் பி.டெக். படிக்கும்போதே வணிகம், நிதி, சந்தை, தொழில் தொடங்கும் முறை ஆகியவற்றையும் பாடமாக எடுத்துப் படிப்பது. புதுச்சேரியில் இதற்குரிய ஓர் இடம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடியிலுள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1980களின் நடுவில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2020இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதே ஆண்டில்தான், பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் 1898இல் தோன்றிய ஏ.எஃப்.டி. பஞ்சாலை மூடப்பட்டது. ஊரார் அதை ரோடியர் மில் என்பார்கள். தலைமுறைகளாக ஆலைச் சம்பளத்தை நம்பியிருந்த ஊருக்கு, வேலை தேடும் பொறியாளர்கள் மட்டும் போதாது; தொழில் தொடங்குவோரும் வேண்டும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 2018 மாதிரிப் பாடத்திட்டத்தில் பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட். அதற்கு மேல் 20 கிரெடிட் அளவுக்குப் படிப்பவர், முதன்மைப் பாடத்தோடு கூடிய துணைப் பட்டமான மைனர் பட்டமும் பெறலாம். எடுத்துக்காட்டாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தொழில்முனைவே ஒரு மைனர் பிரிவு. அதற்குக் கூடுதலாக 18 கிரெடிட், அதாவது ஆறு பாடங்கள்.

இந்தப் பாடங்களின் பயன் இறுதியாண்டு புராஜெக்டில் தெரியும். வயலின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியைச் செய்யும் மாணவர் வழக்கமாகச் சென்சார், போர்டு, பேட்டரி ஆகியவற்றின் விலையைக் கூட்டி, இதுதான் அடக்கவிலை என்று எழுதிவிடுவார். பொருத்தும் கூலி, சோதனையில் கழியும் துண்டுகள், ஜி.எஸ்.டி., கடைக்காரர் கமிஷன், வாரண்டிக் காலப் பழுது ஆகியவற்றையும் சேர்த்தால், விற்கவேண்டிய விலை அந்தத் தொகையைப் போல இரு மடங்கைத் தாண்டலாம். விவசாயி அந்த விலைக்கு வாங்குவாரா என்று பாகூர்ப் பக்கம் போய் நேரில் கேட்பதும் பாடமே. பாடமும் புராஜெக்டும் தனித்தனியே நடந்தால் மைனர் பட்டம் சான்றிதழோடு நின்றுவிடும்.

நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கத்தின் ஆதரவோடு பிள்ளைச்சாவடி வளாகத்தில், புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு உதவும் இன்குபேஷன் மையம் அமைந்தது. ஆனால் மையம் இருந்தாலும், மாணவருக்குப் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம். மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை இதை உணர்ந்தே எழுதப்பட்டது. தொழில் தொடங்கும் மாணவருக்கு வருகைப்பதிவு குறைந்தாலும் உரிய அனுமதியோடு தேர்வெழுத விடலாம், படிப்பில் இடைவெளி தரலாம், ஸ்டார்ட்அப் வேலைக்குக் கிரெடிட் வழங்கலாம் என்கிறது. ஆனால் இது வழிகாட்டுதல்தான். கல்லூரி தன் விதிமுறையில் சேர்த்தால்தான் செல்லும்.

ஆகவே சேர விரும்புவோர், மைனர் பட்டத்துக்கு எந்த செமஸ்டரில் பதிய வேண்டும், அரியர் இருந்தால் அனுமதி உண்டா, வருகைச் சலுகை விதிமுறையில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை முதலாண்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.