மூன்று எண்கள் முடக்கிய வலை: கணுக்களிடையே நம்பிக்கை உருவான வரலாறு

தன்னியக்க வலையமைப்புகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 2001இல் தொடங்குகிறார்கள். ஐபிஎம் ஆய்வுப் பிரிவின் தலைவர் பால் ஹார்ன், தம்மைத் தாமே நிர்வகிக்கும் கணினி அமைப்புகள் பற்றிய தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்ட ஆண்டு அது. நாம் நினையாமலே இதயத் துடிப்பைச் சீராக்கும் நரம்பு மண்டலம்தான் அவர் காட்டிய மாதிரி. 2003இல் ஐபிஎம்மின் கெபார்ட்டும் செஸ்ஸும் அந்தக் கருத்தை நான்கு பண்புகளாக வகுத்தனர்: தானே அமைதல், தானே மேம்படுதல், தானே குணமாதல், தன்னைத் தானே காத்தல்.

இந்த உடல் மாதிரி முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது. உறுப்புகள் ஒரே உடலுக்கு உரியவை. நரம்பு கொண்டுவரும் செய்தியை இதயம் சந்தேகிப்பதில்லை. வலையமைப்பின் கணுக்களோ வெவ்வேறு உரிமையாளர்களின் கையில் இருப்பவை. பலதரப்பட்ட கணினிகள் கலந்த உலகில் இயங்க வேண்டும் என்று ஹார்னும் சொன்னார். ஆனால் அதைப் பொதுத் தரநிலைகளால் தீரும் சிக்கலாகவே கண்டார். தரநிலையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் கணுவும் தவறான செய்தியைப் பரப்பக்கூடும். அதற்கான சான்று அவருடைய அறிக்கைக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகிவிட்டது.

1981 ஜூலையில் எரிக் ரோசன் எழுதிய ஆர்எஃப்சி 789 என்ற சிறு ஆவணமே அந்தச் சான்று. 1980 அக்டோபர் 27 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் பல மணி நேரம் முடங்கியது. அதில் ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை வரிசை எண்ணிட்டு மற்றவற்றுக்கு அறிவிக்கும். எண்ணுக்கு ஆறு பிட்டுகள். 63ஐ எட்டியதும் மீண்டும் பூச்சியம். எனவே எது புதியது என்பதை வட்டக் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும். அன்று 50ஆம் கணுவின் பெயரில் 8, 40, 44 என மூன்று எண்கள் கொண்ட அறிவிப்புகள் ஒரே நேரத்தில் உலவின. இரும எழுத்தில் 44 என்பது 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. வட்டக் கணக்கில் 8ஐவிட 40 புதிது, 40ஐவிட 44 புதிது, 44ஐவிட 8 புதிது! வந்த ஒவ்வொன்றையும் புதியதென ஏற்று, கணுக்கள் ஓயாமல் அண்டைக் கணுக்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 50ஆம் கணுவின் அறிவிப்புகளைப் புறக்கணிக்கும்படி மனிதர்கள் திருத்தம் ஏற்றிய பிறகே வலை மீண்டது.

ரோசன் தம் தலைப்பில் வைத்தது நெறிமுறைகளின் பலவீனத்தை; நம்பிக்கையை அல்ல. ஆகவே அந்த முடக்கத்தை நம்பிக்கைச் சிக்கலாக வாசிப்பதற்கு நேரடிச் சான்று மெலிது. ஆனால் அடுத்து வந்த திருத்தங்கள் எதைக் குறிவைத்தன என்று பார்க்க வேண்டும். 1983இல் ராடியா பெர்ல்மன், பழுது நீங்கியதும் வலை தானாகவே சீரடையும் அறிவிப்பு முறையை முன்வைத்தார். 1988இல் எம்ஐடி ஆய்வேட்டில், பொய் சொல்லும் கணுக்களுக்கு நடுவிலும் வலை இயங்க, ஒவ்வொரு அறிவிப்புக்கும் கையொப்பமும் ஒவ்வொரு கணுவுக்கும் தனி நினைவக இடமும் கேட்டார். சொல்பவர் யார், அவருடைய பேச்சுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்ற இவ்விரு கேள்விகளும் நம்பிக்கையைப் பற்றியவையே. 2000இல் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டியும் குழுவினரும், அண்டைக் கணு தன்னிடம் வந்த பொதியை உண்மையில் அனுப்புகிறதா என்று ஒட்டுக்கேட்கும் காவல் முறையை முன்வைத்தனர். 2021இன் ஆர்எஃப்சி 8995, புதிய கருவி உற்பத்தியாளரின் உறுதிச்சீட்டுடன் வலையில் சேரும் முறையை வகுத்தது. இவற்றுள் எந்த ஆண்டை ‘நம்பிக்கை’யின் தொடக்கம் என்பது? லாம்போர்ட்டும் இன்னும் இருவரும், துரோகிகள் நடுவே ஒருமித்து முடிவெடுப்பது எப்படி என்ற பைசாண்டியத் தளபதிகள் சிக்கலை எழுதிய 1982க்கும் உரிமை உண்டு. ஒற்றை ஆண்டை நிறுவ இயலாது. 2001 அல்ல என்பது மட்டும் உறுதி.

இது ஏட்டுத் தகராறு அல்ல. குமரி மாவட்டத்தின் மண்டைக்காடு புதூர், குளச்சல் கரைகளிலிருந்து தொலைவு போகும் படகுகளுக்கு, செல்பேசிக் கோபுரத்தின் எல்லை முடிந்ததும் வயர்லெஸ் செட்டும் அடுத்த படகும்தான் துணை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டுவந்தது. படகிலிருந்து பதில் சொல்ல அதில் வழி இல்லை. கொல்லத்தை அடுத்த அமிர்தபுரியில் உருவான ஓசியன்நெட், படகுகளையே கணுக்களாக்கிச் செய்தியைக் கைமாற்றுகிறது.

இங்கே ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் உரிமையாளர், ஒரு பேட்டரி. காவல் முறையை அப்படியே கடலில் இறக்கினால் ஆபத்து. சமிக்ஞைகள் மோதினாலோ அனுப்பும் திறன் குறைந்தாலோ ஒட்டுக்கேட்கும் கணு ஏமாறக்கூடும் என்று மார்ட்டி குழுவினரே எச்சரித்தனர். அலையில் ஆடும் ஆண்டெனாவும், படகு செய்தியை அனுப்பாதது போன்ற தோற்றத்தைத் தரலாம். குற்றமற்ற படகு தன் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்ணை இழக்கும். ஆகவே மதிப்பெண் எந்தப் படகு வழியே அனுப்புவது என்பதை மட்டும் தீர்மானிக்கட்டும். ஆபத்து அழைப்பைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு வேண்டாம். பொய்யான ஆபத்து அழைப்புகள் பெருகினால் என்ன செய்வது என்பதற்கு 1981இன் ஆவணமும் பின்வந்த நெறிமுறைகளும் தரும் விடை பாதிதான்: அழைத்தது யார் என்பதைக் கையொப்பம் காட்டும், அந்தப் படகு உண்மையிலேயே மூழ்குகிறதா என்பதைக் காட்டாது.