மகள் எழுதிய தாம்பத்தியம்

1934 ஜூலையில் மேரி கியூரி இறந்தபோது இளைய மகள் ஈவுக்கு வயது 29. ஆய்வகத்தில் அம்மாவின் வாரிசு அக்கா ஐரீன்தான். ஈவ் பியானோ வாசிப்பவர். பத்திரிகைகளுக்கு இசை விமர்சனம் எழுதுபவர். வேறு யாராவது முந்திக்கொண்டு அம்மாவைத் தப்பும் தவறுமாக எழுதிவிடுவார்களோ என்ற கவலையில் அவரே எழுத உட்கார்ந்தார். 1937இல் புத்தகம் வெளிவந்து, பல நாடுகளில் அமோகமாக விற்றது.

அந்தக் கதையில் முதல் கத்திரி போட்டவரும் மகள்தான். கணவர் பியர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1911இல், கணவரின் பழைய மாணவரும் மனைவி மக்கள் உள்ளவருமான பால் லாஞ்சவானோடு மேரிக்கு இருந்த உறவு பாரீஸ் பத்திரிகைகளில் நாறியது. வீட்டு வாசலில் கூட்டம் திரண்டது. பரிசு வாங்க நேரில் வராமல் இருப்பது நல்லது என்று ஸ்வீடனிலிருந்தே கடிதம் வந்தது. மேரி போனார், இரண்டாவது நோபலை வாங்கினார். ஈவ் இந்த விவகாரத்தை ஆள் பெயர் சொல்லாமல் பூசி மெழுகிக் கடந்துவிடுகிறார். ஆறு வயதில் அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிள்ளை வேறென்ன செய்யும்? ஆனால் இதனால் புத்தகத்தில் நடுநாயகமாக மிஞ்சியது ஒன்றுதான்: பியரோடு வாழ்ந்த 11 ஆண்டுத் தாம்பத்தியம். ஹாலிவுட்டுக்கு வேண்டியதும் அதுவே.

முதலில் யூனிவர்சல் நிறுவனம் நடிகை ஐரீன் டன்னை மனத்தில் வைத்து படமாக்கும் உரிமையை வாங்கியது. பிறகு அது எம்.ஜி.எம். கைக்குப் போனது, அவர்கள் நினைத்தது கிரேட்டா கார்போவை. 1938இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி திரைக்கதை எழுதிப் பார்த்தார், சரிப்படவில்லை. அடுத்து ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் உட்கார்ந்தார். அவருடைய ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. இரண்டு மேதைகளின் காகிதங்கள் அலமாரிக்குப் போயின. கார்போவோ 1941க்குப் பிறகு நடிப்பையே விட்டுவிட்டார். கடைசியில் கதை வந்து சேர்ந்த இடம் கிரீர் கார்சன், வால்டர் பிட்ஜன் ஜோடி. இந்தப் படம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் 'மிஸஸ் மினிவர்' படத்தில் உத்தமத் தம்பதியாக வந்து சக்கைப்போடு போட்டவர்கள். விஞ்ஞானிகளாக வந்தாலும் ரசிகர்களுக்கு அதே கணவன், அதே மனைவி.

மெர்வின் லெராய் இயக்கத்தில் 1943 டிசம்பரில் படம் வெளிவந்தது. பியர் 1906 ஏப்ரலில் மழைநாளில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தவர். பேராசிரியர்கள் கூட்டம் முடிந்து போய்க்கொண்டிருந்தார். படத்திலோ மனைவிக்குக் கம்மல் வாங்கிக்கொண்டு வருகிறார். எனக்கு இந்தக் கம்மல் உறுத்துகிறது. 1895இல் கல்யாணத்துக்கே, பிறகு ஆய்வகத்தில் உடுத்த உதவும் என்று கருநீல உடை கேட்டவர் மேரி. அன்பளிப்பாக வந்த பணத்தில் இருவரும் வாங்கியது சைக்கிள்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் கம்மலை எழுதிவைக்க ஒரு தைரியம் வேண்டும்.

ரேடியக் காட்சியை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சிய பிறகு கிண்ணத்தில் ஒரு கறைதான் மிஞ்சுகிறது. தோற்றுவிட்டோம் என்று வீடு திரும்பியவர்கள் இரவில் ஓடிவந்து பார்த்தால் அந்தக் கறை ஒளிர்கிறது. இது நாடகம், உண்மையில் 1902இல் அவர்கள் பிரித்தெடுத்த 0.1 கிராம் ரேடியம் குளோரைடு படிப்படியாகத் திரண்டது. ஆனால் ஒழுகும் கொட்டகைக்குள் இரவில் இருவரும் சேர்ந்து போய், அலமாரிகளில் மினுங்கும் குப்பிகளைப் பார்த்து நின்றது நிஜம். மேரியே அதை எழுதியிருக்கிறார்.

ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. விருது ஒன்றும் வரவில்லை.

2019இல் மர்ஜான் சத்ராபி இதே கதையை 'ரேடியோஆக்டிவ்' என்ற படமாக எடுத்தார், லாரன் ரெட்னிஸின் சித்திர நூலை வைத்து. மகள் வெட்டிய லாஞ்சவான் விவகாரம் திரும்ப வந்தது. தாம்பத்தியத்தில் சண்டையும் வந்தது. முதல் நோபலுக்காகப் பியர் தனியாக ஸ்டாக்ஹோம் போய்வந்துவிட, மேரி கொதிக்கிறார். நடந்தது வேறு. 1903 டிசம்பர் நோபல் விழாவுக்கு இருவருமே போகவில்லை. 1905 ஜூனில் சேர்ந்து போனார்கள். நோபல் உரையை நிகழ்த்தியவர் பியர். எதெதை மேரி தனியாகச் செய்தார் என்று அந்த உரையிலேயே அவர் சொன்னார். மேரி அவையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.