வீட்டு ஊசிக்கு யார் பொறுப்பு?

மருத்துவமனை வார்டில் செவிலியர் ஒருவர் இன்சுலின் போட்டு முடித்ததும், அந்த ஊசி சட்டத்தின் கண்ணில் உயிரி மருத்துவக் கழிவாகிவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் அதற்கு வெள்ளை நிறப் பெட்டியை ஒதுக்கியுள்ளன. உள்ளிருப்பது வெளியே தெரிய வேண்டும், ஊசி குத்தித் துளை விழக் கூடாது, ஒழுகக் கூடாது, மூடிய பின் யாரும் பிரிக்க முடியாதபடி இருக்க வேண்டும். அங்கிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், நீராவியிலோ உலர் வெப்பத்திலோ கிருமி நீங்கி, நொறுக்கப்பட்டு, இரும்பு உருக்காலையிலோ கான்கிரீட் குழியிலோ அதன் பயணம் முடிய வேண்டும். அதே நோயாளி வீடு திரும்பி, அதே மருந்தைத் தானே போட்டுக்கொண்டால் கதை வேறு. அதே 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அந்த ஊசியை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று பெயரிட்டு, பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, பழைய பேட்டரி ஆகியவற்றோடு ஒரே வரியில் வைத்தன.

ஊசி மாறவில்லை, ரத்தமும் மாறவில்லை. போட்ட இடம்தான் மாறியது. வீட்டு ஊசிகள் குப்பை வண்டிக்குப் போவதற்கு மக்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்வது நம் பொதுச் சுகாதார எழுத்தில் வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைகூட இல்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. கழிவை அதன் இயல்பைக் கொண்டு பிரிக்காமல், பிறந்த இடத்தைக் கொண்டு பிரித்ததில்தான் கோளாறு தொடங்குகிறது.

விதிகள் மருத்துவமனையை நோக்கியே வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2009இல் குஜராத்தின் மொடாசாவில் பரவிய மஞ்சள் காமாலை பி, ஒரே சிரிஞ்சை மறுபடி மறுபடி பயன்படுத்தியதன் விளைவு என்று தெரியவந்தபோது, பழைய சிரிஞ்சுகள் திரும்பச் சந்தைக்கு வரும் வணிகமும் சேர்ந்தே அம்பலமானது. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டக் கிராமங்களில் கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரள அரசு அதை அள்ளிச் சென்றது. அடுத்த ஆண்டே, மருத்துவக் கழிவை முறைகேடாகக் கொட்டுவோர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய வழிசெய்யும் திருத்தத்தைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. லாரி லாரியாக வருவது கண்ணுக்குத் தெரிகிறது, தலைப்புச் செய்தியாகிறது. கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு வரும் நான்கு ஊசிகளுக்கு அந்தப் பேறு இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. எல்லோரும் இன்சுலின் போடுபவர்கள் அல்லர். ஆனாலும் அவர்களில் ஒரு சிறு பங்கினர் போட்டால்கூட, சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட்டையும் சேர்த்தால், அன்றாடம் வீடுகளிலிருந்து வெளியேறும் கூர்முனைகளின் எண்ணிக்கையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அபாயத்தைப் பெரிதுபடுத்தவும் வேண்டியதில்லை. இன்சுலின் ஊசி மிக மெல்லியது; தோலுக்கடியில் போடுவதால் அதில் தங்கும் ரத்தம் சொற்பம். ரத்தம் எடுக்கும் தடித்த ஊசியோடு அதை ஒன்றாக வைத்துப் பேசுவது சரியாகாது. ஆனால் மஞ்சள் காமாலை பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். மருத்துவமனையில் குத்துப்பட்டவருக்கு எந்த நோயாளியின் ஊசி என்பது பெரும்பாலும் தெரியும். தெருவில் குத்துப்பட்ட தூய்மைப் பணியாளருக்கு அது எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதுகூடத் தெரியாது.

சட்டம் இந்த இருவரையும் நடத்தும் விதத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். உயிரி மருத்துவக் கழிவைக் கையாளும் எவருக்கும் மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் போட வேண்டும் என்கிறது முதல் விதித்தொகுதி. விபத்துகளும் ஆண்டறிக்கையில் ஏற வேண்டும். இரண்டாவதான 2016 திடக்கழிவு விதித்தொகுதியோ தொழிலாளியின் பாதுகாப்புக்கு என்று சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவற்றைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் தடுப்பூசி இருக்கவில்லை. கையுறையோ ஊசியைத் தடுக்காது.

குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் திட்டத்தில் இன்னொரு முரணும் உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. வீட்டில் முழுமையாகப் பிரித்தால் யாரும் பைக்குள் கைவிட வேண்டியதில்லை. முழுமையாகப் பிரிக்காமல் விட்டால், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரிக்க வேண்டிய கட்டாயத்தில் பணியாளர் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்க்கிறார். அரைகுறைப் பிரிப்பு கைகளுக்குக் கூடுதல் வேலையையும் கூடுதல் ஆபத்தையும் தருகிறது.

‘தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை டேப்பால் ஒட்டி, குப்பையில் சேருங்கள்’ என்பது பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை. சலவைத் திரவ பாட்டிலைச் சொல்லும் அமெரிக்க வழிகாட்டலின் சாயல் இது. அமெரிக்காவிலேயே கலிபோர்னியா மாநிலம் 2008 முதல் வீட்டு ஊசிகளைக் குப்பையில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. நம் ஊரில் இந்த அறிவுரை நேர்எதிராக வேலை செய்யக்கூடியது. தடித்த பிளாஸ்டிக்குக் காயலான் கடையில் விலை உண்டு. குப்பை வண்டியிலும் கிடங்கிலும் முதலில் கை போவது அந்தப் பாட்டிலின் மேல்தான். உள்ளே கனமாக ஏதோ இருந்தால் கடைக்காரர் எடையைக் கழிப்பார். எனவே டேப்பைப் பிய்த்து, மூடியைத் திருகி, கவிழ்த்துத் தட்டிக் காலி செய்த பிறகே அது தராசுக்குப் போகும். நோயாளி ஒரு மாதம் பத்திரமாகச் சேர்த்து வைத்த ஊசிகள் அத்தனையும் ஒரே நிமிடத்தில், ஒருவரின் காலடியில் கொட்டுகின்றன.

2016 திடக்கழிவு விதி காட்டிய மாற்று வழி, வீட்டு அபாயக் கழிவைப் பெறும் மையம்: 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அப்படியானால் மொத்த நகருக்கும் 22 மையம் போதும். மூட்டுவலியோடு இருக்கும் எழுபது வயதுக்காரர் பத்து ஊசிகளை எடுத்துக்கொண்டு, மையம் திறந்திருக்கும் நேரம் விசாரித்து, பஸ் ஏறிப் போவார் என்று எதிர்பார்ப்பது காகிதத்தில்தான் சாத்தியம்.

ஆனால் அதே முதியவர் மருந்துக்காக மாதந்தோறும் ஓர் இடத்துக்குப் போகிறார். அரசு வழியில் இன்சுலின் பெறுபவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போகிறார். அங்கே வெள்ளைப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டியும் வந்து போகிறது. புதிய குப்பியைத் தரும்போது நிரம்பிய சிறு பெட்டியை வாங்கிக்கொண்டு காலிப் பெட்டியைக் கொடுத்தால் போதும். ஒரு மாத ஊசிகளுக்கு ஒரு லிட்டர் கொள்ளளவே அதிகம். நடக்க இயலாதவர்களின் வீட்டுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வாசல்வரை போகிறார்கள். அவர்கள் திரும்பும்போது பெட்டியை எடுத்துவரலாம். ஆனால் தடுப்பூசியும், பெட்டியைத் திறக்கவே கூடாது என்ற நெறியும் அதற்கு முன்நிபந்தனைகள். ஊதியம் குறைந்த பெண்களின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுகிறோம் என்ற கண்டனம் நியாயமானது. கூடுதல் படி தராமல் இதைச் செய்யக் கூடாது.

தனியாரிடம் வாங்குவோர் விஷயம் கடினம். மருந்துக்கடைக்காரர் பழைய ஊசியை வாங்கி வைத்தால், கழிவு உருவாக்குபவருக்குரிய அனுமதி, ஒப்பந்தம், கட்டணம் எல்லாம் தன் தலையில் விழும் என்று அஞ்சுவார். இன்றைய விதியின் போக்கில் அந்த அச்சம் வீணானதல்ல. பெற்று ஒப்படைக்கும் இடத்தை உருவாக்கும் இடத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஒரு சிறு திருத்தம் தேவை. செலவுக்கு பிரான்ஸ் ஒரு வழி காட்டுகிறது. அங்கே தாமே ஊசி போட்டுக்கொள்வோருக்கு மருந்துக்கடைகள் மஞ்சள் பெட்டியை இலவசமாகத் தருகின்றன, தாஸ்த்ரி என்ற அமைப்பு நிரம்பிய பெட்டிகளைத் திரட்டுகிறது, பணம் உற்பத்தியாளர்களுடையது. உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கோட்பாடு நமக்கும் புதிதல்ல: பிளாஸ்டிக் கழிவு விதிகளில் அது இருக்கிறது. அதன்படி ஷாம்பு சாஷேவுக்குத் தயாரிப்பாளர் கணக்குக் காட்டியாக வேண்டும். இன்சுலின் பேனா ஊசி விற்கும் நிறுவனத்துக்கு மட்டும் அந்தக் கணக்கிலிருந்து விலக்கு இருப்பதற்கு, எனக்குத் தெரிந்தவரை, யாரும் நியாயம் சொல்லவில்லை.