திருநாளைப்போவாரும் ‘நாளை’ என்னும் சொல்லும்

ஒரு காலத்து மக்களுள்ளத்தில் எழும் பேரியக்கம் அக்காலத்து நூலையும் கல்லையும் கூத்தையும் தன்வயமாக்கிக் கொள்ளும். எடுத்த பொருள் ஒன்றேயாயினும், இயக்கம் வேறாகுங்கால் அதன் வடிவும் வேறாகும். இவ்வுண்மைக்குத் திருநாளைப்போவார் வரலாறு தக்க சான்றாம்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரைப் பெயரளவிற் சுட்டி வணங்கினார். நம்பியாண்டார் நம்பி திருவந்தாதியில் இவரைப் பாடினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் தனிப்புராணமாகவே விரித்தருளினார். அந்நூற்றாண்டிலேயே இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத் திருக்கோயிலின் அடித்தளத்தில், நாயன்மார் வரலாறுகள் சிறு சிற்பங்களாகச் செதுக்கப்பெற்று, பெயர்களும் பொறிக்கப்பெற்றன. பாட்டாய்த் தொடங்கிய பத்தியியக்கம் காப்பியமாகவும் கற்பணியாகவும் வளர்ந்தவாறு இதனாற் புலனாகும். திருப்புன்கூரில் நந்தி நேர்நில்லாது விலகியிருத்தலையும் காண்பார் இவ்வரலாற்றோடு இயைத்தே காண்பர்.

இனி, சேக்கிழார் கூறிய நந்தனார் யாவர்? மேற்காநாட்டு ஆதனூரினர், ஊரார் விட்ட தொழில்நிலத்தின் விளைவைத் தம் உரிமையாக உண்டு வாழ்ந்தவர். திருக்கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் உதவியவர். இவரைத் தடுத்த ஆண்டை ஒருவரும் அப்புராணத்தில் இல்லை. தில்லைக்குச் செல்ல எழுந்த வேட்கையைத் தம் பிறப்புப் பற்றிய எண்ணமே தடுத்தது. அதனால் ‘நாளைப் போவேன்’ என்று நாள் கழித்தார் என்பதே ஆசிரியர் கருத்து.

19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருட்டிண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் இவ்வமைப்பு மாறியது. ஆங்கு நந்தனார் பண்ணையாள். விடைகொடாது தடுக்கும் வேதியர் ஒருவர் புதிதாகத் தோன்றுகின்றார். நாற்பது வேலி நிலத்தின் விளைவை முடித்தாலன்றிப் போகலாகாது என்கின்றார். இறைவன் அருளால் அஃது ஓரிரவில் முடிகின்றது. அடிமைமுறை 1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்ட பின்னும் காவிரி நாட்டில் பண்ணையடிமை நீங்கிற்றிலது. பாரதியார் தாம் வாழ்ந்த நாட்டின் நிலையைக் கதையுட் புகுத்தினார் எனல் பொருந்தும்.

திரைப்படங்கள் பெரும்பாலும் இக்கீர்த்தனையையே தழுவின. 1935-இல் வெளிவந்த படத்திற் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். 1942-இல் வந்த படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலினுள் ஒதுக்கப்பட்ட குலத்தார் புகுந்தனர். அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்தில் அதற்குரிய சட்டமும் தோன்றிற்று. ஆதலின் படங்கண்டார்க்கு நந்தனார் பழங்கதையாக மட்டும் தோன்றியிரார். தம் ஊர்க்கோயில் வாயிலில் நிற்பாராகவே தோன்றியிருப்பர்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. எழுத்தறியாதார் உள்ளத்தும் நந்தனார் புகுந்தார். ஆயினும் இழப்பும் ஒன்றுண்டு. வேதியரைப் பெரியபுராணத்தினர் என்றே பலர் எண்ணுகின்றனர். அதனாற் குற்றமனைத்தும் ஒருவன் கொடுமையாகச் சுருங்கிவிடுகின்றது. அவனும் இறுதியில் மனந்திரும்பி நந்தனாரை வணங்கவே, கேட்போர் மனம் ஆறிவிடுகின்றது. சேக்கிழார் நூலிலோ கொடியவன் என ஒருவனும் இலன். இருந்தும் அன்பர் மதிற்புறத்தே நின்று அழுகின்றார். ஊரெல்லாம் உடன்பட்ட விலக்கு அவருள்ளத்தே அச்சமாய்க் குடிகொண்டது. யாரையும் பழிசுமத்தித் தப்புதற்கு அந்நூல் இடந்தருவதில்லை. அத்தடையை நீக்கியது இறைவன் கனவில் அருளிய ஆணை. தில்லைவாழந்தணர்க்கும் அவ்வாணை பிறந்தது என்று சேக்கிழார் கூறுதல் உற்றுநோக்கற்பாலது.

ஆகலின், கீர்த்தனையைக் கேட்டு உருகுவோமாக, படத்தையும் காண்போமாக. ஆயின் சேக்கிழார் திருவாக்கைத் தனியே எடுத்து ஓதுதலும் சைவர் கடனாம். மதிற்புறத்தே நந்தனாரை நிறுத்தியவர் ஒருவரல்லர், பலர் என்பதை அந்நூலே நமக்கு உணர்த்தும்.