காஸ்பிளே வரலாற்றில் தைத்தவரின் இடம்

கற்பனைப் பாத்திரத்தின் உடையை உருவாக்கி அணியும் கலைக்குக் காஸ்பிளே என்னும் பெயரை 1983இல் ஜப்பானிய இதழொன்றில் வழங்கியவர் நொபுயுகி தகாஹாஷி. அக்கலையோ பெயருக்கு முந்தையது. 1939இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டிற்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதராக உடுத்தி வந்தார். அவருடையதையும் தம்முடையதையும் தைத்தவர், மோரோஜோ என்னும் புனைபெயருடைய மிர்ட்டில் டக்ளஸ். எனினும், அணிந்தவரே முன்னோடியாகப் பெரிதும் பேசப்பட்டார். அசைவூட்டப் பாத்திரங்களை நோக்குமிடத்து இக்குறை மேலும் புலப்படும். வரைந்த உடைக்குத் தையலும் எடையும் இல்லை. வரைந்த கூந்தல் காற்றின்றியும் விரிந்து நிற்கும். துணியை எங்கு வெட்டுவது, கூந்தலை எதனால் தாங்குவது என்பனவற்றை ஓவியம் சொல்வதில்லை, தைப்பவரே கண்டறிகிறார். ஆதலால், மோரோஜோவை இக்கலையின் முதல் ஆக்குநர்களுள் ஒருவராகக் கொள்வதே பொருந்தும்.