போயாவும் நோன்மதியும்

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குப் போகிறவர் காதில் வேடிக்கையாக விழும் சொற்களில் ஒன்று 'போயா'. 'நாளைக்குப் போயா, இறைச்சிக்கடை பூட்டு' என்று வெள்ளவத்தையில் ஒருவர் சொன்னால், நம்மைத்தான் 'போய்யா' என்று விரட்டுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றும். அவர் சொல்வது பௌர்ணமியை. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை. ஆண்டுக்கு 25 அளவில் பொது விடுமுறைகள் உள்ள அந்த நாட்டில், ஏறத்தாழப் பாதியை நிலவே தீர்மானித்துவிடுகிறது.

போயா சிங்களச் சொல். அதன் மூத்த வடிவம் 'பொஹொய'. அதற்கு மேலே ஏறினால் பாலி மொழியின் 'உபோசத'. இன்னும் மேலே போனால் வேதமொழியின் 'உபவஸத'. முதலில் நின்ற உகரம் உதிர்ந்தது. சகரம் ஹகரமாக மெலிந்தது. பிறகு அந்த ஹகரமும் கரைந்து, இருபுறமும் நின்ற உயிர்கள் சேர்ந்து நெடிலாயின. சமணர்களின் பிராகிருதத்தில் இதே சொல் 'போசஹ' என்று இருக்கிறது, நீண்ட பாதையின் நடுவில் ஒரு சத்திரம்போல.

நாம் சொல்லும் உபவாசமும் இதே வேரில் கிளைத்ததுதான். 'உப' என்றால் அருகில். 'வஸ்' என்றால் தங்குதல். அருகில் தங்குவதற்கும் பட்டினி கிடப்பதற்கும் என்ன உறவு? சதபத பிராமணம் இதற்கு விளக்கம் தருகிறது. வேள்விக்கு முந்திய நாளே தேவர்கள் வேள்வி செய்பவனின் வீட்டுக்கு வந்து அவனருகில் தங்கிவிடுகிறார்கள். வந்த விருந்தினர் உண்ணாமல் இருக்க, வீட்டுக்காரன் முந்திக்கொண்டு உண்பது முறையா? ஆகவே அவன் உண்ணாமல் இருக்கிறான். விருந்தோம்பலில் பிறந்த பட்டினி அது. உடலை வருத்தித் தவம் செய்வது என்ற பொருள் பிறகு வந்து ஏறிக்கொண்டது.

இந்த நாள் பௌத்தத்துக்கு வந்த கதையை விநய பிடகம் மறைக்காமல் சொல்கிறது. மற்றச் சமயத்தார் வளர்பிறை, தேய்பிறைப் பட்சங்களின் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாள்களில் கூடி அறம் பேசுகிறார்கள். மக்களும் அவர்கள் பக்கம் போகிறார்கள். நம் துறவிகளும் அப்படிக் கூடினால் என்ன என்று புத்தரிடம் கேட்டவர் மகத மன்னன் பிம்பிசாரன். ஆக, போயாவின் பிறப்பிலேயே ஓர் அரசன் நிற்கிறான். புத்தர் இசைந்தார். துறவிகள் கூடி ஒழுக்க விதிகளை ஓதித் தங்கள் குற்றங்களை ஒப்புக்கொள்ளும் நாளாக அது ஆனது. இல்லறத்தார் அன்று எட்டுச் சீலங்களை ஏற்று, நண்பகலுக்குப் பின் உண்ணாமல் இருந்தார்கள். வேள்விக்கு முந்திய நாள் என்ற பெயர், வேள்வியை ஏற்காத சமயத்தில் வேள்வியே இல்லாமல் நிலைத்துவிட்டது.

இரண்டாவதாக வந்த அரசன் அசோகன். தன் 26ஆம் ஆட்சியாண்டில் வெட்டுவித்த ஐந்தாம் தூண் ஆணையில், உபோசத நாள்களில் மீனைக் கொல்லவோ விற்கவோ கூடாது என்கிறான். இன்று போயா அன்று கொழும்பில் இறைச்சிக்கடைகளும் மதுக்கடைகளும் மூடிக் கிடப்பதைப் பார்க்கும்போது இந்தத் தூண் ஆணை நினைவுக்கு வராமல் போகாது. நிலவைப் பார்த்துக் கடையை மூடச் சொல்லும் அதிகாரம் இருபத்திரண்டு நூற்றாண்டுப் பழமை உடையது. நோன்பு ஒருவர் தாமாக ஏற்பது. ஆணை எல்லோருக்கும் பொது. இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறி இந்தச் சொல்லை விட்டு அதன்பின் நீங்கவே இல்லை.

சொல் போன இடமெல்லாம் வெவ்வேறாக மாறியிருக்கிறது. தாய்லாந்தில் 'உபோசத்' என்பது விகாரையில் துறவிகள் கூடும் மண்டபத்தின் பெயர். நாளுக்கு அங்கே வேறு பெயர். சொல்லைக் கட்டடம் எடுத்துக்கொண்டது. சிங்களத்தில் அது நாளாகவே தங்கியது. எட்டாம் நாள் போயா 'அட்டவக'. நம் அட்டமிதான் அது. பௌர்ணமிப் போயாக்களுக்கு மாதந்தோறும் தனித்தனிப் பெயர்: ஜனவரியில் துருத்து, பிப்ரவரியில் நவம், ஏப்ரலில் பக், மே மாதத்தில் வெசாக், ஜூனில் பொசொன், ஜூலையில் எசல, டிசம்பரில் உந்துவப். இவற்றில் வெசாக்கும் நம் வைகாசியும் ஒரே வைசாகத்தின் பிள்ளைகள். எசலவும் ஆடியும் 'ஆஷாட' என்பதிலிருந்து வந்தவை. ஒலியை வைத்து இந்த இரண்டையும் உறவென்று யாரும் நம்பமாட்டார்கள்.

தமிழில் முழுநிலவு நாளுக்குப் பழைய சொல் உவவு. உவா என்றும் வரும். புறநானூற்றின் 65ஆம் பாட்டில் அந்த நாள் வருகிறது. புறப்புண் பட்டு நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உண்ணாமல் உயிர்விடுவதைக் கழாத்தலையார் பாடும் பாட்டு அது. முழுநிலவும் பட்டினியும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஆசை காட்டுகிறது. ஆனாலும் ஒலியொப்புமையை மட்டும் வைத்து உவாவையும் உபவஸதத்தையும் முடிச்சுப்போட நான் தயாரில்லை.

இலங்கைத் தமிழில் வேறு ஒரு சொல் இருக்கிறது: நோன்மதி. அரசின் தமிழ் நாள்காட்டியிலும் சுற்றறிக்கையிலும் 'துருத்து முழு நோன்மதி தினம்', 'வெசாக் முழு நோன்மதி தினம்' என்றே அச்சாகிறது. நோன்பும் மதியும் சேர்ந்த சொல். அரசுத் தமிழில் புழங்கும் எத்தனையோ சொற்கள் மொழிபெயர்ப்பு வாடையோடு கிடக்க, இது மட்டும் சங்கப் பாட்டிலிருந்து எழுந்து வந்ததுபோல் நிற்கிறது. போயா என்று சொல்கிற சிங்களவருக்கு அதில் நோன்பு கேட்பதில்லை, வேர் தேய்ந்துவிட்டது. நோன்மதியில் நோன்பு வெளிப்படையாகவே கேட்கிறது. ஆனால் தெருவில் யார் நோன்மதி என்கிறார்கள்? தமிழருக்கும் அது 'போயா லீவு'தான்.

இனி லீவின் கதை. ஆங்கிலேயர் ஆட்சியில் ஞாயிறு ஓய்வுநாள், கிறிஸ்துமசுக்கு விடுமுறை, வெசாக்குக்கு இல்லை. 1883இல் கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. அதற்கு நியாயம் கேட்டு 1884இல் லண்டன் போனவர் கர்னல் ஆல்காட். நமக்கு அடையாறு பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவராகத் தெரிந்த அதே அமெரிக்கர். வெசாக்கை விடுமுறையாக்க வேண்டும் என்பது அவர் கொண்டுபோன கோரிக்கைகளில் ஒன்று. 1885 ஏப்ரல் 28, வெசாக் நாள், முதன்முதலாக விடுமுறையாக வந்தது. இன்று உலகமெங்கும் பறக்கும் பௌத்தக் கொடியும் அன்றுதான் கொட்டாஞ்சேனை தீபதுத்தமாராமயவில் முதலில் ஏற்றப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு கேள்வி பெரிதானது. பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் வாராந்தர ஓய்வு ஏன் ஆண்டவர்களின் ஞாயிறாகவே இருக்க வேண்டும்? 1966இல் டட்லி சேனநாயக்க அரசு ஞாயிற்றையே எடுத்துவிட்டது. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என்று மாதத்தில் நான்கு போயாக்கள் ஓய்வுநாள்களாயின. போயாவுக்கு முந்திய நாள் சனிக்கிழமையின் இடத்தைப் பிடித்தது. அதற்கு 'பிரீ-போயா' என்று பெயர். மற்ற நாள்கள் பி-1, பி-2 என்று எண்ணால் வழங்கின. பள்ளிக்கூட நேரசூசியில் திங்களும் செவ்வாயும் செல்லாக்காசாயின.

நிலவின் ஒரு சுற்று 29.53 நாள். அதை நான்கால் வகுத்தால் 7.38. அந்தப் பின்னம்தான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். ஒரு வாரம் ஏழு நாள் என்றால் இன்னொரு வாரம் எட்டு நாளாக நீண்டது. ஆண்டில் 52 ஞாயிறு கிடைத்த இடத்தில் 49 அல்லது 50 போயாதான் கிடைத்தது. அதாவது ஓய்வுநாளைச் சமயத்தின் கையில் கொடுத்த தொழிலாளிக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் நட்டம். நீர்கொழும்பிலும் மன்னாரிலும் கத்தோலிக்கருக்கு ஞாயிறு வேலைநாள். பூசைக்கு வேலைக்கு முன்னோ பின்னோதான் நேரம். வணிகர் பாடு இன்னும் மோசம். போயா புதன்கிழமை வந்தால் செவ்வாயும் புதனும் கொழும்பு மூடியிருக்கும். சனியும் ஞாயிறும் லண்டன் மூடியிருக்கும். தேயிலையும் ரப்பரும் விற்றுப் பிழைக்கும் நாட்டுக்கு, வாங்குகிறவனோடு பேச வாரத்தில் மிஞ்சியது மூன்றே நாள்.

இந்துக்களுக்கு அந்த ஆண்டுகளில் ஒரு வசதி கேளாமலே கிடைத்தது. அமாவாசையும் போயா ஆனதால், தந்தையை இழந்தவர்கள் கீரிமலையில் நீராடும் ஆடி அமாவாசை தானாகவே விடுமுறையானது. ஆனால் இந்தப் போயா வாரம் நெடுநாள் தாங்கவில்லை. 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு 29ஆம் இலக்க விடுமுறைச் சட்டத்தால் சனி, ஞாயிறுகளைத் திரும்பக் கொண்டுவந்தது. நான்கு போயாக்களில் பௌர்ணமி மட்டும் விடுமுறையாகத் தங்கியது. அந்த ஏற்பாடுதான் இன்றுவரை.

எஞ்சிய போயாவை மக்கள் எப்படிக் கழிக்கிறார்கள்? விகாரைகளில் அதிகாலையிலிருந்தே வெள்ளை உடுத்தவர்கள், பெரும்பாலும் மூத்த பெண்கள், சீலம் எடுத்து மாலைவரை இருக்கிறார்கள். பொசொன் போயாவுக்கு, பௌத்தத்தை இலங்கைக்குக் கொண்டுவந்த மகிந்த தேரர் மன்னன் தேவநம்பிய தீசனைச் சந்தித்த மிகிந்தலைக்குக் கூட்டம் பெருகும். கண்டிப் பெரஹெர ஊர்வலம் ஆகஸ்டில் நிகினிப் போயாவோடு முடியும். எல்லாவற்றிலும் பெரியது வெசாக். அதற்கு மறுநாளும் விடுமுறை. அன்று வீட்டு முற்றமெங்கும் மூங்கில் சிம்பும் வண்ணத் தாளும் கொண்டு செய்த வெசாக் கூடுகள் தொங்கும். சிங்களத்திலும் அது 'கூடு'தான். தமிழ்க் காதுக்கு விளக்கம் வேண்டாம். சந்திகளில் புத்த சாதகக் கதைகளை ஓவியமாக்கி ஆயிரக்கணக்கான மின்விளக்குகளோடு நிறுத்தும் பெரிய அமைப்பைச் சிங்களம் 'தொரண' என்கிறது, நம் தோரணம். இலங்கை ஆங்கிலம் அதையே 'பந்தல்' என்கிறது. ஒரே மரச்சட்டத்துக்குச் சிங்களர் வடசொல்லையும் ஆங்கிலம் பேசுபவர்கள் தமிழ்ச் சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு 'தன்சல்': தான சாலை என்பதன் தேய்வு. சோறு, அவித்த மரவள்ளி, கடலை, குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று வீதியில் போகிற யாருக்கும் இலவசம்; வாகனத்தை மறித்துக் கையில் திணிப்பார்கள். தன்சல் போடுகிறவர்கள் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிய வேண்டும் என்ற அளவுக்கு அது பெருகிவிட்டது. எனக்கு இதைப் பார்க்கும்போது மணிமேகலைதான் நினைவுக்கு வருகிறாள். மணிபல்லவத் தீவின் கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி வெளிப்படுவதும் புத்தர் பிறந்த அந்த வைகாசி நாளில்தான். நயினாதீவே மணிபல்லவம் என்று சொல்வோர் உண்டு. பக் போயாவின் நினைவும் அங்கேயே விழுகிறது: புத்தர் இரண்டாம் முறை இலங்கை வந்தது நாகதீபத்துக்கு என்பது சிங்கள மரபு. அத்தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே இருக்கின்றன.

போயா தமிழர்களின் சொந்தப் பௌர்ணமிகளுக்கும் நிழல் தருகிறது. தாயை இழந்தவர்கள் நோற்கும் சித்திரா பௌர்ணமிக்குத் தனியாக அரசு விடுமுறை இல்லை. தேவையும் இல்லை, ஏனென்றால் அன்று எப்படியும் ஏதோ ஒரு போயா. சித்திரைக் கஞ்சி காய்ச்சும் யாழ்ப்பாணத்துக் கோயிலும் சீலம் எடுக்கும் அநுராதபுரத்து விகாரையும் ஒரே சட்டத்தின் கீழ் ஓய்வெடுக்கின்றன. நிலவுக்கணக்கு சூரியக்கணக்கோடு ஒத்துப்போகாததால் சில ஆண்டுகளில் 13 போயா வந்துவிடும். அப்போது ஒரு பெயர் இரட்டிக்கும். 2023இல் அப்படி 'அதி எசல' வந்தது.

புதிய ஆண்டின் நாள்காட்டி வந்ததும் கொழும்பு அலுவலகங்களில் பலரும் முதலில் தேடுவது போயாக்கள் எந்தக் கிழமையில் விழுகின்றன என்பதைத்தான். வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் நுவரெலியாவில் அறை கிடைப்பது கடினம். ஞாயிற்றுக்கிழமையில் விழுந்த போயாவைப் பார்த்து, 'ஒரு லீவு போச்சு' என்பார்கள்.